சௌபியின் கால்

வஞ்சிக்கொடிக்குத் தெரியாமல் கற்பகம் நகரில் ஒரு குக்கர்கூட விசில் அடித்துவிட முடியாது. பத்மாசினி வீட்டு மாப்பிள்ளை விருந்துக்கு வந்தவர் ஏன் இன்னும் துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் தலைக்கு விட்டுவிட்டு மீசைக்கு மட்டும் ஏன் சாயம் அடிக்கிறார், கோடி வீட்டு நாய்க்குப் பேதி எதனால் வந்தது என்பதெல்லாம் காலை நடையில் அவள் வாயிலிருந்துதான் ஊருக்குத் தெரியும். நடை என்று பெயரே தவிர, பூங்காவைச் சுற்றி அந்தப் பெண்கள் நகர்வது ஊர்வலத் தேரைவிட மெதுவாகத்தான். யாருக்கும் உடம்பு இளைத்ததாகச் சரித்திரம் இல்லை. சேதிதான் நாளுக்கு நாள் கொழுத்தது.

போன வருஷம் ஆடியில் அவள் மகள் சௌபர்ணிகா போய்ச் சேர்ந்தாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன பெண் திரும்பி வரவில்லை. கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த வயது. அதன்பிறகு கொஞ்ச நாள் கற்பகம் நகரே வாயடைத்துக் கிடந்தது. ஆனால் ஊர் வாய் எத்தனை நாளைக்குத்தான் சும்மா இருக்கும்? பேசுவதற்கு ஆள் அகப்படாமல் கடைசியில் வஞ்சிக்கொடியையே பேச ஆரம்பித்தார்கள்.

விஷயம் இதுதான். தினமும் பொழுது சாயும் முன்னால், முகம் கழுவி, பொட்டு வைத்து, நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு அவள் மகளுடைய காரில் பின்சீட்டில் ஏறி உட்காருவாள். முன்சீட்டில் ஒருவரும் கிடையாது. கார் தானாகக் கிளம்பும். கேட்டைத் தாண்டும்போது அவள் உதடு அசையும். யாரிடமோ பேசுகிறாள்!

"அம்மிணிக்குக் கொஞ்சம் இதாயிருச்சாட்ட இருக்குது" என்று பத்மாசினி தன் நெற்றிப் பொட்டைத் தட்டிக் காட்டினாள். சொன்னது ரகசியமாகத்தான். மறுநாளே வஞ்சிக்கொடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவள் போட்ட பாதைதானே.

ஓட்டுநர் இல்லாத கார் ஊரில் புதிதல்ல. முதலில் வந்தவை எல்லாம் இயந்திரம் மாதிரி ஓட்டின. ஒரே சீராக, ஒரே வேகத்தில். ஏறியவர்களுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. யாரோ பிணத்தின் மடியில் உட்கார்ந்து போவதுபோல் இருக்கிறது என்றார்கள். அதனால் அடுத்து வந்த வண்டிகளில் ஒரு சின்னப் பெட்டி வைத்தார்கள். கம்பெனி அதற்கு என்னவோ நீளமான பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் அதை 'பழகி' என்றார்கள். உரிமையாளர் பெடலை மிதித்து ஓட்டும் நாட்களில் பழகி அந்தக் காலைக் கவனித்துக் கற்றுக்கொள்ளும். அப்புறம் தானாக ஓடும்போது அதே காலாக மாறிவிடும். அதே வளைவில் அதே மிதி, அதே பள்ளத்தில் அதே தயக்கம்.

வண்டி வாங்கிய அன்று சௌபி சொன்னாள்: "ம்மா, இது என்னைப் பாத்து ஓட்டக் கத்துக்குமாம். நான் ஊர்ல இல்லைன்னாலும் நீ பாட்டுக்கு கோயிலுக்குப் போயிட்டு வரலாம். நான்தான் ஓட்டறேன்னு நெனைச்சுக்கோ."

அப்படித்தான் வஞ்சிக்கொடி நினைத்துக்கொண்டாள். கேட்டைத் தாண்டியதும் சின்னதாக ஒரு நிறுத்தம். வேகத்தடைக்கு முன்னால் இடப்பக்கம் லேசாக ஒதுங்கி, ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்குவது. பேக்கரி வாசலில் தேங்காய் பன் வாசனை வரும் இடத்தில் ஊர்ந்து போவது. எல்லாம் மகள்தான். "இன்னிக்கி வெயில் பாத்தியா கண்ணு" என்பாள் வஞ்சிக்கொடி. முன்சீட்டிலிருந்து பதில் வராது. ஆனால் கார் நிழல் பக்கமாக ஒதுங்கிப் போகும்.

கார்த்திகை பிறந்ததும் வண்டி படுத்த ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் குளிர்ஜுரம் கண்டதுபோல் குலுங்கியது. பாலம் ஏறும்போது ஏறவா வேண்டாமா என்று திணறியது. முன்பலகையில் இன்ஜின் உருவத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது, அணையவே இல்லை. அந்த விளக்கோடு வருஷச் சோதனைக்குப் போனால் தானோட்டத்தைப் பூட்டிவிடுவார்கள் என்பது சட்டம். தை மாதம் சோதனை. தானோட்டத்தைப் பூட்டினால் மகளைப் பூட்டின மாதிரிதான்.

"சரி பண்ணலாம் விடு, புள்ள" என்றார் நாச்சிமுத்து. அவள் புருஷன். பம்ப் கம்பெனி வார்ப்படச் சாலையில் காலமெல்லாம் இரைச்சலுக்குள் நின்றவர். பேசிப் பிரயோசனமில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டவர்போல, வீட்டில் அவர் வாயைத் திறப்பது கொட்டாவிக்குத்தான்.

வஞ்சிக்கொடி விடுகிற ஆளா? ஒரு நாள் காலை நடையிலிருந்து திரும்பியவள் எதேச்சையாகப் பானெட்டைத் தொட்டாள். சுட்டது. மறுநாளும் தொட்டாள். மறுநாளும் சுட்டது.

அவளுக்கு உடனே ஆள் கிடைத்துவிட்டான். மாடியில் குடியிருக்கும் ரேவதியின் மகன் ரித்தீஷ். தலையில் பாதியைச் சிரைத்துவிட்டுப் பாதியை வளர்த்திருப்பவன். எப்போதோ ஒருதரம் சிநேகிதன் கல்யாணத்துக்கு வண்டி கேட்டான். அது போதாதா? அன்று மத்தியானத்துக்குள் கற்பகம் நகருக்கே தெரிந்துவிட்டது, செத்துப்போன பெண்ணின் காரைத் திருட்டுத்தனமாக எடுத்து ஓட்டி நாசமாக்கிவிட்டான் ஒருவன் என்று. நாச்சிமுத்துவிடமும் சொன்னாள். அவர் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். மனுஷனுக்கு மகள் வண்டியைப் பற்றிக்கூட அக்கறையில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

சபரீசனின் ஒர்க்‌ஷாப்புக்கு அவளே வண்டியைக் கொண்டுபோனாள். வாய் ஓயாத ஆள் சபரீசன். ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸிங் அடிக்குதுங்கா. பிளக் போயிருக்கும். மாத்துனா பூனைக்குட்டியாட்டம் ஓடும் பாருங்க" என்றான். மாற்றினான். பூனைக்குட்டி அதே குலுக்கல் குலுங்கியது. "அப்ப காயிலுங்கா" என்றான். காயிலையும் மாற்றினான். பெட்ரோல் வருகிற துளையையெல்லாம் கழுவிவிட்டான். விளக்கு அணைந்தது; தெருமுனை வரை போய்த் திரும்புவதற்குள் மறுபடி எரிந்தது.

மூன்றாம் தடவை போனபோது அவன் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான்.

"ஏனுங்கா, இந்த வண்டியைப் பெடல் மிதிச்சு ஓட்டறது யாரு?"

"எம்மக ஓட்டுனா. இப்ப யாரும் ஓட்டறதில்ல. தானா போறதுதான்."

"இல்லீங்கா. பழகியத் திறந்து பாத்துட்டேன். உள்ள ரெண்டு கால் இருக்குது."

"எம்மகளுக்கு ரெண்டு கால்தான் சாமி. உனக்கெத்தனை?"

"அய்யோ அக்கா! ரெண்டு பேரு காலுங்கா. ரெண்டு ஆளு மிதிச்சுப் பழக்கியிருக்காங்க. ஒரே வளைவுல ஒரு கால் மிதிங்குது, இன்னொரு கால் எடுங்குது. ஒண்ணு சொல்லுதுன்னு பெட்ரோலை ஊத்துது, இன்னொண்ணு சொல்லுதுன்னு நிறுத்துது. ரெண்டு மாமியாருக்கு நடுவுல மாட்டுன மருமவளாட்டம் இன்ஜின் பாவம் என்னதான் பண்ணும்? இரும்புல ஒண்ணும் கோளாறு இல்லீங்கா. நான்தான் அது தெரியாம பிளக்கையும் காயிலையும் மாத்திட்டுக் கெடந்தேன்."

வஞ்சிக்கொடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் சொன்னேன்ல? அந்தப் பையன்தான்! எப்ப எப்ப எடுத்துட்டுப் போனான்னு அதுல பாரு. நேரம் இருக்கும்ல?"

"அதெல்லாம் இருக்காதுங்கா. மொதல்ல இருந்துது. புருஷன் எங்க போனான்னு பொண்டாட்டி பாக்கறது, டிரைவர் எங்க நின்னான்னு மொதலாளி பாக்கறதுன்னு கோர்ட்டு கேஸா நாறிப்போச்சு. அடுத்தவன் சோலிய நோண்டக்கூடாதுன்னு சட்டம் போட்டு, பேரு, தேதி, நேரம் எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. இப்ப வெறும் கால்தான் இருக்கும். யாரு கால்னு வண்டிக்கே தெரியாது."

என்ன பாழாய்ப்போன சட்டம் என்று வஞ்சிக்கொடி நினைத்துக்கொண்டாள்.

"கம்பெனிக்குக் கொண்டுபோனா?"

"ரெண்டையும் தொடச்சு, புதுசாட்டம் குடுத்துருவாங்க."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னான்: "வேண்டாங்கா, நாம அப்படிப் பண்ண வேண்டாம். ஒண்ணை அமுக்கி வெச்சுட்டு இன்னொண்ணை மட்டும் ஓட விடறேன். நீங்க உக்காந்து பாருங்க. எது பாப்பாதுன்னு சொன்னீங்கன்னா அதை வெச்சுட்டு மத்ததைத் தொடச்சரலாம்."

முதல் கால் கிளம்பியது. சபரீசன் முன்சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குலுக்கல் இல்லை, திணறல் இல்லை. வேகத்தடையில் இடப்பக்கம் ஒதுங்கி ஒரு சக்கரத்தை ஏற்றி இறக்கியது. குறுக்கே வந்த நாய்க்கு நின்றது. பேக்கரி வாசலில் ஊர்ந்தது. வஞ்சிக்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இவதான். எங்கண்ணுதான் இது" என்றாள்.

"ரெண்டாவதையும் பாத்துருங்கா. ஒரு முறைக்கு."

இரண்டாவது கால் பட்ட மாத்திரத்தில் வண்டி பாய்ந்தது. வேகத்தடையில் நேராக ஏறிக் குதித்ததில் வஞ்சிக்கொடியின் தலை கூரையில் இடித்தது. முன்னால் போன லாரியை ஒட்டிக்கொண்டு போய், பொறுமையில்லாமல் இரண்டு உறுமல் உறுமி, வெட்டி முந்தியது. பேக்கரியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"யப்பா! இது ஆளைக் கொல்ற காலுங்கா" என்று சபரீசன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

பெரிய சாலையிலிருந்து அது திடீரென்று குளத்தங்கரைப் பக்கம் திரும்பியது. கரைமேல் கொஞ்ச தூரம் போய், ஒரு வாகை மரத்தடியில் நின்றது. நின்றது நின்றதுதான். பிரேக்கின்மேல் யாரோ காலை வைத்து அப்படியே மறந்துவிட்டதுபோல. குளத்துப் பக்கத்துக் கண்ணாடி தானாக இறங்கியது. தண்ணீர் வாடையோடு காற்று உள்ளே வந்தது. நாரைகள் நின்றிருந்தன. தூரத்தில் ஒரு ஜோடி தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தது.

வஞ்சிக்கொடி அந்த ஜோடியைத்தான் பார்த்தாள்.

"தெரிஞ்சு போச்சா? ரித்தீஷ் எவளையோ கூட்டியாந்து இங்கதான் நிறுத்தியிருக்கறான். எம்மக வண்டியில!" என்றாள். சேறு நாறுகிறது என்று கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பிய பிறகும் சபரீசன் கை வைக்கத் தயங்கினான். "தொடச்சா திரும்ப வராதுங்கா. வீட்ல ஐயாவையும் ஒரு வார்த்தை கேட்டுருங்களேன்."

"அவருக்கென்ன தெரியும்? பெத்தவ சொல்றேன். ரெண்டாவதைத் தொடச்சுரு."

அவன் திரையில் ஒருமுறை தொட்டான். வண்டி நிஜமாகவா என்று கேட்டது. வஞ்சிக்கொடியே கையை நீட்டி ஆமாம் என்ற கட்டத்தை அழுத்தினாள். மஞ்சள் விளக்கு அணைந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். உள்ளே நுழையும்போதே, அந்தப் பையன் குளத்தங்கரையில் அடித்த கூத்தை எந்த இடத்திலிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்று அவளுக்கு வாய் ஊறியது. ஆனால் கூடத்தில் நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார்.

"ரேவதி வந்து அழுதுட்டுப் போறா" என்றார். "பையனுக்கு வேலை கெடைக்கறதுக்கு விசாரிக்க வந்தவங்ககிட்ட எவரோ கார் திருடன்னு சொல்லிப்போட்டாங்களாம்."

"எவரோ என்ன, நான்தான் சொன்னேன். அவன்..."

"அவன் இல்ல, புள்ள. அது நான்."

வஞ்சிக்கொடி புடவைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"வேணும்னே பண்ணலை" என்றார் அவர். இத்தனை வார்த்தைகளை அவர் ஒருசேரப் பேசி அவள் கேட்டதில்லை. "கால் படாம ரொம்ப நாள் ஓடுனா பழகி மறந்துருமாம். கொஞ்சங் கொஞ்சமா கரைஞ்சுருமாம். கார் ஷெட்டுல பேசிக்கிட்டாங்க. நீ தெனமும் சேலை கட்டிட்டுப் போறே. ஒரு நாளைக்கு வண்டி மட்டும் போயி, உள்ள அவ இல்லைன்னா நீ தாங்குவியா? அதான், நீ அப்படிப் போக ஆரம்பிச்ச மொத வாரத்துல இருந்தே, வாக்கிங் போற நேரத்துல எடுத்துட்டுப் போயி, அவளாட்டமே ஓட்டிப் பழக்குனேன்."

"அவளாட்டமேன்னா?"

"நம்மளைக் கூட்டிட்டுப் போறப்ப ஓட்டுவாளே, அப்படி. மொள்ள. நீ முதுகு வலின்னு சொன்னதுல இருந்து ஒத்தச் சக்கரத்தை ஏத்தி எறக்குவாளே. பேக்கரிகிட்ட நீ வாசம் புடிக்கறேன்னு ஊர்ந்து போவாளே. பின்னால உக்காந்து நான் பாத்தது அது ஒண்ணுதான்." அவர் தன் பெரிய கால்களைக் குனிந்து பார்த்தார். "காலு சொன்ன பேச்சு கேக்கல மொதல்ல. பொறவு வந்துருச்சு. எம்பட காலு நடுவுல புகுந்து இன்ஜினைக் கெடுத்துருச்சோன்னுதான் பயந்துட்டே இருந்தேன்."

வஞ்சிக்கொடி, "தனியாப் போனா எப்படி ஓட்டுவா?" என்று கேட்டாள். குரல் யாருடையதோபோல் இருந்தது.

நாச்சிமுத்துவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதைக் கேக்கறியா! ஒருதரம் ரயிலுக்கு நேரமாச்சுன்னு என்னை மட்டும் ஏத்திட்டுப் போனா பாரு. அம்மா தாயே, உசுரு கையில இல்ல! லாரிக்காரன் பயந்து ஒதுங்கறான். 'அப்பா, அம்மாகிட்டச் சொல்லிறாதீங்க'ன்னு ஒரே சிரிப்பு. ஆனா வெசையா வர்றவ நேரா வூட்டுக்கு வர மாட்டா. ஆபீஸ் விட்டதும் குளத்தங்கரையில கொண்டுபோயி நிறுத்திட்டு, கண்ணாடிய எறக்கி விட்டுட்டுச் சும்மா உக்காந்திருப்பாளாம். ஏஞ்சாமின்னு கேட்டேன். 'கொஞ்ச நேரம் யாரும் எதும் கேக்காம இருக்கோணும்னு இருக்குதுப்பா'ன்னா."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் கையில் பேப்பர் இருந்தால் உயர்த்திப் பிடித்திருப்பார்.

"ஊருக்கே தெரிஞ்சு போயிரும்னா. சிரிச்சுட்டேதான் சொன்னா, புள்ள. மனசுல வெச்சுக்கிட்டெல்லாம் இல்ல."

அவரே தொடர்ந்து சொன்னார்: "அந்த எடத்துக்கு மட்டும் நான் வண்டியக் கொண்டுபோகலை. அது அவ எடம். எம்பட காலு பட்டு அது கலைஞ்சறக்கூடாதுன்னு அந்தப் பக்கமே திரும்பலை." பிறகு கேட்டார்: "வண்டி சரியாயிருச்சில்ல? உள்ள இருக்கால்ல?"

சொல்வதற்கு ஒரு விஷயம் கையில் இருந்தும் வஞ்சிக்கொடி சொல்லாமல் விட்டது, கற்பகம் நகரின் வரலாற்றில் அதுதான் முதல்முறை.

"இருக்கா" என்றாள்.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு சபரீசனுக்குப் போன் செய்தாள். தொடச்சது திரும்ப வருமா என்று கேட்டாள். "வராதுங்கா" என்றான். வாய் ஓயாத ஆள், அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலை பூங்காவில் பெண்கள் ரித்தீஷ் கதையின் மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். வஞ்சிக்கொடி வந்தாள். "அந்தப் பையன் எடுக்கலை. நான் தப்பாச் சொல்லிப்போட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். அங்கிருந்தே மாடி ஏறி ரேவதியிடமும் போய்ச் சொன்னாள். அப்ப எடுத்தது யார் என்று பத்மாசினி படி வரைக்கும் தொடர்ந்து வந்து கேட்டுப் பார்த்தாள். பதில் கிடைக்கவில்லை. அன்று கற்பகம் நகருக்குப் பொழுதே போகவில்லை.

சாயங்காலம் வஞ்சிக்கொடி புருஷனையும் கூப்பிட்டாள். "நீங்களும் வாங்க" என்றாள். அவர் சட்டை மாற்றிக்கொண்டு, தலை சீவி, பின்சீட்டில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கார் கிளம்பியது. சோதனைக்கு இப்போதே கொண்டுபோய் நிறுத்தலாம், அத்தனை சுத்தமாக ஓடியது இன்ஜின். வேகத்தடையில் ஒற்றைச் சக்கரம் ஏறி இறங்கியது. நாச்சிமுத்து அவள் கையைத் தட்டிச் சிரித்தார். வெகுநாள் கழித்து மகள் ஓட்டும் வண்டியில் போகிற மனுஷன். தன் காலைத் தனக்கே அடையாளம் தெரியவில்லை அவருக்கு.

பெரிய சாலையில் குளத்தங்கரைத் திருப்பம் வந்துகொண்டிருந்தது. வஞ்சிக்கொடி முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். திரும்பு என்று மனசுக்குள் சொன்னாள். உறுமு. வெட்டு. தலை இடிக்கட்டும்.

கார் மெதுவாக, மரியாதையாக, நேரே போனது.

நாச்சிமுத்து திரும்பிக் குளத்தைப் பார்த்தார். பிறகு அவள் காதருகே, முன்சீட்டில் இருப்பவளுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலத் தணிந்த குரலில் சொன்னார்:

"பாத்தியா? திரும்ப மாட்டா. நீ உக்காந்திருக்கியே, அதான்."